நகக்கணக்கு

முக்கூடல் பீடிக்கடையில்
கணக்குப்பிள்ளை என் கட்டை அவிழ்த்து
நாற்பது பீடியை ஒதுக்கினார்.
"தலை மடங்கலையே, ஆவுடைத்தங்கம்."
மடக்குகிற நகமே
மடங்கிப்போய் நாலு மாசம் ஆச்சு என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.

வலது கட்டைவிரல்.
முதலில் ஓரத்தில் ஒரு வெள்ளை,
கோலமாவு ஒட்டினதுபோல.
பிறகு மஞ்சள். பிறகு தடித்து,
காய்ந்த பனையோலை நுனியாய்ப் பிரிந்து
அடியில் பொடிப்பொடியாய் உதிர்ந்தது.
நகச்சுத்தி என்றார்கள்.
எலுமிச்சம்பழத்துக்குள் விரலைச் செருகி
மூன்று ராத்திரி தூங்கினேன்.
பழம்தான் அழுகியது.
கொழுந்தன் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தேன்;
சிவப்புக்கு அடியில் அது
சாவகாசமாய் வளர்ந்தது.

நகமும் சதையும்போல என்பார்கள்.
அவை பிரிவதை நான் பார்த்தேன்.
ராத்திரி முழுக்க ஈரச்சாக்கில் கிடந்த இலையை
ஈரக்கையால் எடுத்து எடுத்து
இடையில் நுழைந்ததற்கு
வாசல் திறந்து வைத்தவளும் நான்தான்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஜெபக்கனி நகத்தைச் சுரண்டிக்
கண்ணாடிச் சில்லில் வைத்து
"நீங்களே பாருங்க" என்றார்.
நூல். கிளைகிளையாய் நூல்.
ஆயிரம் பீடிக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிறவளுக்கு
நூல் புதிதில்லை.
இது யாரும் கட்டாத நூல்.
காளானாம். மழைக்கு முளைக்குமே,
அதற்குத் தூரத்துச் சொந்தம்.

அப்புறம் கேட்டார்:
"கால் நகத்தைக் காட்டுங்க."
செருப்பைக் கழற்ற வெட்கமாய் இருந்தது.
பெருவிரல் இரண்டிலும் அதே மஞ்சள்.
"வீட்டில் எத்தனை நகவெட்டி?"
ஒன்று. காலண்டர் ஆணியில் தொங்குவது.
பன்னிரண்டு மணிநேரம்
வாட்ச்மேன் பூட்ஸுக்குள் வேகிற அவர் காலுக்கும்
பிள்ளைகள் இரண்டுபேருக்கும்
எனக்கும்.

மாத்திரை எழுதுமுன்
ஈரல் தாங்குமா என்று ரத்தம் எடுத்தார்கள்.
ஜங்ஷனில் இறங்கி
நாலு நகவெட்டி வாங்கினேன்,
நாலு நிறத்தில்.
அவர் காலுறை இப்போது உச்சிவெயிலில் கொடியில்;
வெயிலைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.
கை நனைந்தால்
விரலிடுக்குவரை துடைக்கிறேன்,
குளித்து வந்த பிள்ளையைத் துவட்டுகிற மாதிரி.

நல்ல நகமும் கெட்ட நகமும் சேருமிடத்தில்
சின்னவள் ஸ்கேல் வைத்து அளக்கிறாள்.
ஐப்பசியில் அடியில் கிடந்த கோடு
தையில் பாதி வழி வந்திருக்கிறது.
ஆற்றங்கரை வயலில்
நட்ட நெல்லே அறுவடைக்கு நிற்கிறது.
கால் நகத்துக்கு
இன்னொரு பூவும் ஆகுமாம்.

நேற்றும் கட்டை அவிழ்த்தார் கணக்குப்பிள்ளை.
இருபதை ஒதுக்கினார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நகமும் அவ்வளவுதான்
வளர்ந்திருக்கிறது.