தொண்டைக்குள் பல்

பென்னாகரம் சாலையில் பல் ஆஸ்பத்திரி.
டாக்டர் தீர்த்தகிரி
என் வரைபடத்துக்கு முன் என் பல்லைப் பார்த்தார்.
பழுப்பு.
எங்கள் ஊர் ஆழ்குழாய் போட்ட கையெழுத்து.
உதட்டை மூடிக்கொண்டு தாளை விரித்தேன்.

பன்னிரண்டுக்கு எட்டு. நாலரை அடி ஆழம்.
"மீன் தெரியணுமே, ரெண்டடி போதாதா?"
ரெண்டடித் தண்ணியை சித்திரை மதியம்
ரசம் வைத்துவிடும் சார்.
சுவர் செங்குத்தாகத்தான் வரும்.
சரிவு விட்டால்
கொக்குக்குப் படி கட்டிக் கொடுத்த மாதிரி.
மூலை வேண்டாம், மூலையில் தண்ணீர் தூங்கும்.
தரை மட்டும் நடுவைப் பார்த்து நாலு விரல் சாயட்டும்,
அழுக்கு தானாக நடந்து போகும்.

வேடியப்பன் கொத்தனார் கரணையை உதறினார்:
"மனுசன் குளிக்கிற தொட்டிக்கே
இவ்வளவு சட்டம் கிடையாது."

புதுச் சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும்.
வாழைத்தண்டு வெட்டிப் போட்டு
பத்து நாள் ஊறவிட்டேன்.
ஈறு வீங்கி வந்தவர்கள்
கன்னத்திலிருந்த கையை மூக்குக்கு மாற்றினார்கள்.
இறைத்தோம். நிரப்பினோம்.
திரும்ப இறைத்தோம்.

கடைசி நிரப்புக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்.
எனக்குப் பத்து வயதில் வந்திருக்க வேண்டியது.
அதில் குளோரின், செவுளுக்குத் தீ.
ரெண்டு நாள் திறந்த வெயிலில் நிற்கவைத்தேன்,
பள்ளிக்கூடத்தில் என்னை நிற்கவைத்ததைப் போல.

பிறகு மூன்று நீல டிரம்.
நடு டிரம் நிறைய
பாத்திரம் தேய்க்கும் நைலான் நார், முந்நூறு.
பாத்திரக் கடைக்காரர் கேட்டார், கல்யாண மண்டபமா என்று.
இல்லை, குடியிருப்பு.
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்
அந்த நாரில் வந்து தங்கணும்,
மீன் கழிக்கும் நஞ்சைத் தின்னணும்.
கூலி கேட்காது.
கூப்பிட்ட தேதிக்கும் வராது.

மீனில்லாத குளத்துக்கு
தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன், அழுகட்டும் என்று.
சோதனைக் குழாயில் எட்டு சொட்டு.
மஞ்சள் வந்தால் நல்லது.
பச்சை வந்தது.
அடுத்த வாரமும் பச்சை.

"வெள்ளிக்கிழமை ஆண்டு விழா," என்றார் டாக்டர்,
"கொளத்தூர்ல பன்னிரண்டு கோய் சொல்லிட்டேன்."
வேர் அழுகின பல்லுக்கு மேலே
தொப்பி மாட்டுவீங்களா சார்?

கொஞ்ச நேரம் கையுறையை இழுத்து இழுத்து விட்டார்.
அப்புறம் கொளத்தூருக்குப் போன் போட்டார்.
விழாவுக்கு வந்தவர்கள்
குளத்தில் அவரவர் முகத்தைப் பார்த்துவிட்டு
கேசரி சாப்பிட்டுப் போனார்கள்.

ஏழாவது வாரம், மஞ்சள்.
முதலில் மூன்று கெண்டை. பதினைந்து நாள் கழித்து மூன்று.
பன்னிரண்டையும் ஒரே நாளில் விட
நான் பந்தியா பரிமாறுகிறேன்?

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி,
மணி ரெண்டு, போன்.
கரண்ட் இல்லை. மோட்டார் நின்றுவிட்டது.
எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளக்கிறது.
காற்று மோட்டாருக்கு பேட்டரி
வீண் செலவு என்று அவர் அடித்த வரி
என் மதிப்பீட்டில் இன்னும் இருக்கிறது.
அதைச் சொல்லவில்லை.
சொம்பு எடுங்க சார்.
மொண்டு, தலை உயரத்துக்குத் தூக்கி, ஊத்துங்க.
நிறுத்தாதீங்க.

விடிந்து நான் போனபோது
லுங்கி நனைந்து, குளத்தோரம்
பித்தளைச் சொம்போடு உட்கார்ந்திருந்தார்.
ஆறும் உயிரோடு.
"வாய்க்குள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தேன்,"
குரல் கம்மியிருந்தது,
"பல்லே காணோம்."
இருக்கு சார். தொண்டைக்குள்ளே.
அங்கே வைத்துத்தான் அரைக்கும்.

பாக்கிப் பணம் இருபத்தோராயிரம்.
அதுக்குப் பதிலா
முன்பல் ஆறுக்கும் வெள்ளையா உறை போட்டுத் தரட்டுமா
என்று கேட்டார், தயங்கித் தயங்கி.

பணமாக் குடுங்க, என்றேன்.
பேட்டரிக்குத் தனி.

சொல்லும்போது
சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.
தீனி என்று நினைத்து
ஆறு வாய்கள்
என் நிழலுக்குக் கீழே வந்து திறந்தன.