விலை சொன்ன பிறகு

எட்டரைக்குக் கோட்டையூரைத் தாண்டிவிட்டால்
வெயில் ஏறுமுன் ஏழு கடை.
பத்தரைக்குக் கிளம்பினால் மூன்று,
அதிலும் ஒன்றில் முதலாளி சாப்பிடப் போயிருப்பார்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
இரண்டு வருடமும் நான்கு பிரேக் வயரும் செலவாயிற்று.

வண்டியின் முன்னால், பழைய சேலையில் சுற்றி,
விற்க வேண்டிய மின்தராசு.
பள்ளத்தூர் வேகத்தடையில்
என் இடுப்பைவிட அதற்குத்தான் பயப்படுவேன்.

கடைக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்பேன்.
நேற்று 'பார்க்கலாம்மா' என்ற பன்னிரண்டு பேரையும்
வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான்
படியேறுவது.
இவர் அவர்களில் ஒருவர் இல்லை.
இவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

ஞாயிறு காலை மேலாளர் குழுவில்
சிங்கம் படம் போடுவார்:
'பசியோடு இரு.'
நான் கட்டைவிரல் போட்டுவிட்டு
நாலு இட்லி சாப்பிடுவேன்.
பசித்த வயிறு
அவசரமாகக் கையெழுத்துக் கேட்கும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று.
சாயங்காலம் ஐந்துவிளக்குப் பக்கம்
டீ ஆறும்வரை எழுதுவேன்:
யார், எந்த ஊர், ஏன் வேண்டாம் என்றார்.
'மச்சினனைக் கேக்கணும்.'
'சித்திரை போகட்டும்.'
'பொம்பளப்புள்ள தராசு விக்க வந்துட்டியா.'
கடைசிக் கட்டத்தில்: நான் எங்கே கெடுத்தேன்.

ஆறு மாதத்தைச் சேர்த்துப் படித்த இரவில்
அந்தக் கட்டம் முழுக்க, வேறுவேறு மையில்,
ஒரே வரி இருந்தது:
விலை சொன்னேன், பிறகும் பேசினேன்.

ஆமாம், பேசினேன்.
தவணை உண்டு என்றேன், அவர் கேட்காமலே.
ஐந்நூறு குறைக்கலாம் என்றேன்,
அவர் மூச்சு விடுமுன்.
ஒரு மனிதர் யோசிப்பதை
எதிரே நின்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.
தள்ளுபடி என்று நான் கொடுத்ததெல்லாம்
என் பயத்துக்குக் கட்டிய வட்டி.

அப்புறம்தான் சமையல்கட்டில் பழகினேன்.
குக்கரிடம் விலை சொல்வேன்.
அது விசில் அடிக்கும்வரை
நான் வாயைத் திறக்கக் கூடாது.
மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.
பருப்பு வேகிற நேரம்
எத்தனை நீளம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

புதுவயல், சேவுகமூர்த்தி மளிகை.
போன மாதம் ஒரே துவரம்பருப்பை
அவர் தராசிலும் என் தராசிலும் வைத்தோம்.
அவருடையது கிலோவுக்குப் பதினான்கு கிராம்
அவர் பக்கமே நின்றது.
'அப்ப எனக்கு லாபந்தானே?'
நேர்மாறாகச் சொல்ல ஒரு பொய்
நாக்கு நுனிவரை வந்திருந்தது.
'ஆமாண்ணே, இப்போதைக்கு' என்றேன்.
சிரித்தார். போகச் சொன்னார்.
அன்றைய நோட்டில் கடைசிக் கட்டம்
காலி.

இன்று அவரே கூப்பிட்டிருந்தார்.
பழைய தராசின் மேல்
ஊதுபத்திக் கட்டுகள் அடுக்கியிருந்தன.
பதினான்கு கிராமைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
'கடைசியா எவ்வளவு?'

சொன்னேன்.

மின்விசிறி சுற்றியது.
மிளகாய் மூட்டைப் பக்கம் யாரோ தும்மினார்.
வாய்க்குள் அந்த ஐந்நூறு ரூபாய்
மீன்குஞ்சாகத் துள்ளியது,
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஒரு பையன் இரண்டு ஷாம்பு வாங்கிப் போனான்.
அவர் கல்லாவைப் பார்த்தார்,
காலண்டரைப் பார்த்தார்,
என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு மேசைமேல் அதை.
எதுவும் வைக்காத தட்டோடு
சுழியம் காட்டிக்கொண்டு
அது சும்மா நின்றது.

நானும்.