கீறல்

பீல் நகரத்தில் இரவு ஷிப்ட்.
டைட்டேனியம் இடுப்பு மூட்டுகளைத்
தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது என் வேலை.
முகம் தெரிந்தால் போதாது என்பாள்
ஆய்வுக்கூடத்து ரெகூலா;
முகத்துக்குத் தெரியாத பள்ளம்
கிருமிக்கு வீடு.

போன செவ்வாய் ஒன்று திரும்பி வந்தது
யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து,
சீழ் பிடித்து.
கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தாள்.
வழவழப்பில் அங்கொன்று இங்கொன்று.
ஒரே ஒரு கீறலில் மட்டும்
ஏரிக்கரைத் திராட்சைக் குலையாய்
தோளோடு தோள் நெருக்கி,
மழைக்கு ஒதுங்கியவை போல.

"பள்ளம் அவற்றைவிட மிகச் சிறிதென்றால்
முகடுகளில் தொற்றி நிற்கும், பிடி போதாது.
உடலளவு இருந்தால்தான் ஆபத்து."

அளவெடுத்துத் தைத்த சட்டையா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பொறித்திருந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினாள்:
நான் சேர்ந்த மூன்றாவது வாரம்.

கையுறையைக் கழற்றிக்
கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.
ஒன்றும் தட்டுப்படவில்லை.
இன்னொரு முறை. இல்லை.

விடியற்காலைப் பேருந்தில்
கம்பியைப் பிடிக்காமல் நின்று
என் விரல் ரேகைகள் எத்தனை ஆழமென்று
பார்த்துக்கொண்டே வந்தேன்.
இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.