மறுகா

ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுக்குள்
அடங்கவேண்டும்.
என்னுடையது ஐந்நூற்று முப்பது.

பதினெட்டு பைட்டுக்காக, இரவு இரண்டு மணிக்கு,
பாலமீன்மடு வாடகை அறையில்
தகரத்து மழையோடு விழித்திருக்கிறேன்.
உடைந்த கதிரைக்கடியில் ஒழுக்குக்கு வாளி.
மேசையில் இரண்டு போர்ட்.
ஒன்று கதைக்கும்.
மற்றதை நேற்றுத்தான் ஒட்டி முடித்தேன்,
ஈய வாடை இன்னும் விரலில்.

புதுச் சிப். கொழும்பு பஸ்ஸில்
நுளம்புச்சுருள் பெட்டிக்குள் வந்தது.
உள்ளே எதுவும் எழுதப்படவில்லை.
எதுவுமில்லை என்றால் பூச்சியம் அல்ல அதற்கு,
எல்லா அறையிலும் ஒன்று, ஒன்று, ஒன்று.
நாம் எழுதுவதெல்லாம்
அதில் சிலதை அணைப்பதுதான்.

எதை வெட்டலாம்?
விழித்ததும் விளக்கை மூன்று தரம் சிமிட்டும் வரி.
அழகான வரி. வெட்டினேன்.
ஐந்நூற்று நாலு.
இனி அது எழும்பினாலும் எனக்குக் காட்டாது.

ஆறு வயர். சிவப்பும் கறுப்பும் சரி,
மற்ற நாலையும் இரண்டு தரம் எண்ணி மாட்டினேன்.
பியூஸ் பிட்டில்தான் பிழைத்தது:
வெளியிலிருந்து கடிகாரம் வரும் என்று
ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.
நம்பிவிட்டது.
அடையாளம் கேட்டால் சுழி சுழி சுழி.

ஜெனுஸ்டன் போனில்:
"செத்திட்டுதாகா?"
சாகவில்லை. வராத கடிகாரத்தைப் பார்த்தபடி
ஓர் அடி எடுத்துவைக்காமல் நிற்கிறது.
"அப்ப ஒரு கடிகாரத்தைக் குடு. மறுகா பார்."

கதைக்கும் போர்ட்டின் ஒன்பதாம் முனையிலிருந்து
இதன் ஒன்பதாம் காலுக்கு ஏழாவது வயர்.
இரவல் துடிப்பு.
ஒன்று ஈ. தொண்ணூற்றைந்து. சுழி எஃப்.
தன் பெயரைச் சொன்னது.
நான் எழும்பி நின்றுவிட்டேன்,
பார்க்க ஒருவரும் இல்லாத அறையில்.

எண்ணைத் திருத்தி, நினைவின் கடைசி மூலையில்
அந்த ஐந்நூற்று நாலையும் இறக்கினேன்.
கடைசியில் குடியிருப்பது, முதலில் எழும்பும்.
எழும்பி ஒரு நொடி வயரில் காதுவைக்கும்:
புதிதாய்ச் சொல்ல யாரும் உண்டா?
இல்லையென்றால் ஒதுங்கி
பழைய வேலைக்கு வழிவிடும்.
அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும்.

முகத்துவாரத்துக் கம்பத்துக்குப் போகவேண்டியது இது.
படுவான்கரையில் கதிர் தண்ணீருக்குள்,
வாயை வெட்டு என்கிறார்கள்.
வெட்டினால் இறால் கடலோடு போய்விடும்
என்கிறார்கள் வலைக்காரர்.
இரண்டு பக்கமும் என்னிடம் கேட்பது
எத்தனை அடி என்று மட்டும்.
கணக்குப் பிழைக்கும் ஒவ்வொரு முறையும்
கம்பத்தில் ஏறிச் சிப்பைக் கழற்ற என்னால் ஏலாது.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
வந்தது.
விளக்கு சிமிட்டவில்லை.
நான் வெட்டியதுதானே, மறந்துபோய்ப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நொடி.

உடைந்த கதிரையில் கட்டிய சென்சர்
வாளியைக் குனிந்து பார்க்கிறது.
திரையில் பதினாறு சென்ரிமீற்றர்.
ஒழுக்கு விடவில்லை.
பதினேழு.