பதினோராவது வாய்தா

குடும்ப நல நீதிமன்றம், இரண்டாம் மாடி.
பெஞ்சு அதேதான். எதிர்ச் சுவரில் மட்டும்
கடல் வந்திருக்கிறது.

வெற்றிலைக் கறைமேல் காசிமேட்டுப் படகுகள்.
கொடிக்கம்பத்தில் ஒரு காக்கா.
கண் வைக்குமுன்னே
சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"பாவம், குருட்டுக் காக்கா" என்றேன்.
கேஸ் கட்டு சுமந்துவந்த தனகோட்டி
அத்தனையையும் என் மடியில் இறக்கிவிட்டு
சட்டைப் பையிலிருந்து ஒயிட்னரை எடுத்து
எக்கி நின்று
ஒரு சொட்டு வைத்தார்.

எத்தனை தேதிகளை அழித்த வெள்ளை!

கடைசிப் பெஞ்சிலிருந்து அவரும் நிமிர்ந்து பார்த்தார்.
என்னை இல்லை,
காக்காவை.
நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே எங்கள் பெயரை
மூன்று தரம் கூப்பிட்டார்களாம்.

அடுத்த வாய்தா ஆடி கழித்து.
மடியில் இன்னும்
யார் யாருடைய வழக்கோ கனக்கிறது.
மேலே,
ஈரம் காயாத கண்.