பத்துக்கு ஒன்பது

மண்டபம் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு
மேடை கட்டியிருந்தார்கள்.
கயிறு நான்கும் சென்னையிலிருந்து வந்தவையாம்,
மைக்கில் மூன்று முறை சொன்னார்கள்.
எனக்கு வடக்குப் பக்க நாற்காலி.
முதுகில் தை மாத வாடை,
மூக்கில் அம்மோனியா,
மடியில் ஒரு சீட்டு.
சிவப்பு மூலை ரொசாரியோ, தங்கச்சிமடம்.
நீல மூலை நஸ்ருதீன், தொண்டி.

பகலில் சங்கத்துத் தராசு என் பொறுப்பு.
ரெண்டும் எழுதுற வேலைதானே என்பாள்
பக்கத்து மேசை ஜெனோவா.
இல்லை.
நண்டு மறுபடி எடைக்கு நிற்கும்.

முதல் இரண்டு சுற்றும் ரொசாரியோவுக்கு.
அவன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருந்தாலும்
அதையேதான் எழுதியிருப்பாள்.
மூன்றாவது நஸ்ருதீனுக்கு, அதிலும் சந்தேகமில்லை.
நான்காவதுதான்.

நஸ்ருதீனின் இடது கை
சூடை மீன் துள்ளுகிற மாதிரி
முகத்தில் பட்டுப் பட்டு விலகியது.
எண்ணினேன். ஒன்பது, பதினொன்று,
பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது.
ரொசாரியோ மூன்றே அடிதான்.
ஒன்று விலாவில், நன்றாகவே.
ஒன்று முழங்கையில்.
மூன்றாவது விழுந்த நொடியில்
நடுவரின் வெள்ளைச் சட்டை முதுகு
என் கண்ணுக்கும் கையுறைக்கும் நடுவே.
சத்தம் மட்டும் வந்தது.
நனைந்த சாக்கைத் தரையில் போட்ட சத்தம்.
நான்கு வேனில் வந்திருந்த தங்கச்சிமடம்
எழுந்து நின்று கத்தியது.

மணி.

ஒருவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது.
ஒன்பதரை கிடையாது.
சமம் என்று எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை.
எழுதினால் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்,
அவ்வளவுதான்.
சீட்டு வாங்க ஒரு பையன் வந்து நின்றான்,
வாயில் மிட்டாய்.
காற்றில் தாள் படபடத்தது,
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து எழுதினேன்.
சிவப்பு பத்து.
பையன் உருவிக்கொண்டு போனபின்
என்னையே கேட்டேன்:
பார்த்ததை எழுதினாயா, கேட்டதை எழுதினாயா?
அதற்குள் ஐந்தாவது தொடங்கிவிட்டது.

மற்ற இருவரில் ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம்.
என் கணக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு.
நான்காவது மறுபக்கம் சாய்ந்திருந்தால்
ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு.
ரொசாரியோவின் கையைத் தூக்கினார்கள்.
வீட்டுக்குப் போய் வெந்நீர் போட்டுக் குடித்தேன்.
தூக்கம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலை
மச்சான் வள்ளத்து நண்டோடு
வரிசையில் நஸ்ருதீன்.
இடது கண் சோழி மாதிரி ஒரு கீறலாக.
கூடையைத் தராசில் வைத்தான்.
"அக்கா, அஞ்சாவது ரவுண்டுதானே
என்னைக் கவுத்துச்சு?"

"அஞ்சாவது உனக்குத்தான் போட்டேன்."

சிரித்தான். உதட்டுத் தையல் இழுக்க
பாதியில் நிறுத்தினான்.
"எனக்கா? அதுல நான் சும்மா சுத்தி வந்தேன் அக்கா,
மூச்சு வாங்கிக்கிட்டு.
நாலாவது எடுத்தாச்சே,
இதை விட்டாப் பரவால்லன்னு."

நான் முள்ளைப் பார்த்தேன்.
பன்னிரண்டுக்கும் பன்னிரண்டேகாலுக்கும் நடுவே
அது நடுங்கிக்கொண்டிருந்தது,
கூடைக்குள் ஒரு நண்டு
இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"நிக்கட்டும் அக்கா," என்றான், "அவசரமில்ல."
வேறெதுவும் கேட்கவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை,
முள்ளைத்தான் பார்த்தான், ஒற்றைக் கண்ணால்.

பின்னால் வரிசை நீண்டுவிட்டது.
யாரோ கத்தினார்கள்:
எழுதும்மா, ஐஸ் கரையுது.