எதற்கும் ஆகாத எடை

மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி நான்கு.
"கோட்டுமேலதான் நிக்கிறீங்க, இன்னும் தாண்டல.
நடங்க, குதிங்க, எதையாவது தூக்குங்க" என்றார்
ஸ்டான்லியில் அந்தச் சின்ன டாக்டர்.

காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பத்து மணிநேரம் நாற்காலி.
எதிரே பாளம் பாளமாய்ப் பனி
ஏறுகிறது, சறுக்குகிறது, நொறுங்குகிறது.
உறைந்திருப்பது நான்தான்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
கட்டில் போக மிச்சம் நாலு டைல்ஸ்.
எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்,
கைக்கு ஐந்து லிட்டர்.
செல்லுக்குள் ஒருத்தி "சிரிச்சிட்டே பண்ணுங்க" என்கிறாள்.
அவளுக்குப் பின்னால் ஒரு தோட்டம்.
எனக்குப் பின்னால் பீரோ.
கையை விரித்தால் பீரோ,
காலை நீட்டினால் தேசிங்கு.
இரவெல்லாம் துறைமுக கேட்டில்
டிரெய்லரோடு வரிசையில் நின்றுவிட்டு
விடிகிறபோது வந்து விழுந்த மனுஷன்.
சத்தமில்லாமல் குதிப்பது எப்படி என்று
தோட்டத்துக்காரி கடைசிவரை சொல்லவில்லை.

முப்பது என்பாள் அவள். நான் பன்னிரண்டு எண்ணுவதற்குள்
கீழ்வீட்டு நசீமா துடைப்பக்கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை,
டொக் டொக்கென்று இடிப்பாள்.
நிறுத்திவிடுவேன். குக்கர் விசில் விடும்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

அடகுக்கடைக்கு மேலே ஜிம் திறந்திருக்கிறார்கள்.
கீழ்மாடியில் வைத்த என் கம்மல் மாசாமாசம் வளர்கிறது,
மேல்மாடி ஏறினால் எல்லாம் குறையுமாம்.
மாதம் ஆயிரத்து இருநூறு. சேர ஐநூறு.
லேடீஸ் டைம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
ஏலத்துக்கு ஓடுகிற எங்கள் பக்கத்துப் பெண்களை
யாரும் கேட்டு எழுதிய நேரமில்லை அது.

ஒரு நாள் இலவசம் என்றதும் அரைநாள் லீவு போட்டேன்.
"முன்னாடி எதுனா வெயிட் தூக்கினுகீறீங்களாக்கா?"
என்றான் கிளமெண்ட், கோச்.
லாரி வரும் நாளில் எட்டுக் குடம், மூன்று மாடி.
அதைச் சொல்லவில்லை. சும்மா சிரித்தேன்.

சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச்சுவரிலும் கண்ணாடி.
எங்கள் வீட்டில் இருப்பது பொட்டு வைக்கிற அளவு.
நாற்பத்திரண்டு வயதில் என் முதுகைப் பார்த்தேன்.
யாரோ ஒருத்தி திரும்பி நிற்பதுபோல இருந்தது,
நாற்காலியின் வளைவு
அப்படியே அவளுக்குள் போயிருந்தது.

இருபது கிலோ. தூக்கினேன், வைத்தேன்.
மறுபடி தூக்கி அதே இடத்தில் வைத்தேன்.
ஒரு அண்டாவும் நிறையவில்லை,
யாரும் குளிக்கவில்லை, சோறு வேகவில்லை.
இத்தனை வருஷத்தில்
எதற்கும் ஆகாத ஒரு எடையை
அன்றைக்குத்தான் தூக்கினேன்.

"குடம் தூக்கறது பத்தலையா,
துட்டு குடுத்து வேற தூக்கணுமா?"
நாத்தனார் கேட்டாள்.
பத்தலை என்றேன். ஏனென்று எனக்கே சொல்ல வரவில்லை.
ஐஸ் பில்லின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன்:
சிலிண்டர், பையன் டியூஷன், கம்மல் வட்டி.
ஆயிரத்து இருநூறை எதற்குக் கீழே எழுதினாலும்
அது அடுத்த வரிக்குத் தள்ளிக்கொண்டு போனது.

இரண்டு நாள் எங்கேயும் குதிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கதவில் டொக் டொக்.
நசீமா. கையில் அதே துடைப்பம்.
"இன்னாக்கா, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்?
உன் சத்தத்துலதான் ரியாஸு எழுந்துப்பான்.
ரெண்டு நாளும் ஸ்கூலுக்கு லேட்டு."
எட்டிப் பார்த்தாள். எண்ணெய் கேன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.
"அந்த ஜிம்மு எவ்ளோவாம்?"
சொன்னேன்.
"ரெண்டு பேரா சேந்தா கொறைப்பானா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
தேசிங்கு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார்.
அதுவரைக்கும்
நாலு டைல்ஸில் அவளுக்கு ரெண்டு.
துடைப்பத்தைப் பீரோவில் சாய்த்துவிட்டு
அவளும் குதித்தாள்.

கீழே இடிக்க ஆளில்லை.